அவள் கேட்கவில்லை

சாமல்பட்டியில் நான் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 2018-ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு பெண்ணைக் கல்யாணத்துக்காகப் படம் எடுத்தேன். என் நிறத்தை மாற்றாதீர்கள் என்று அவள் சொன்னாள். சரி என்றேன். அன்று ராத்திரியே மாற்றினேன். அதனால் அவர்கள் வீட்டில் அவமானம் நேர்ந்தது. அவள் அப்பா வந்து என்னைக் கேட்டார். உங்கள் பெண்தான் வெளுப்பாக்கித் தரச் சொன்னாள் என்று பதில் சொன்னேன்.

நான் செய்தது இதுதான். இனி எழுதுவதெல்லாம் அது எப்படி நடந்தது என்ற விவரம். விவரம் சொல்வதால் குற்றம் குறையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

தொழிலை நான் கற்றுக்கொண்டது ஊத்தங்கரையில், பழைய ஸ்டூடியோ ஒன்றில். கலர் வந்துவிட்ட காலம்தான். என்றாலும் பாஸ்போர்ட் சைஸ் படங்களுக்கு இன்னும் கறுப்பு வெள்ளை ஓடிக்கொண்டிருந்தது. ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிம் அங்கே கட்டுக்கட்டாக இருக்கும். மாஸ்டர் முதலில் எனக்குக் கேமராவைத் தரவில்லை. டச்சிங் பலகையின் முன்னால் உட்கார வைத்தார். சாய்வான பலகை, நடுவில் மங்கல் கண்ணாடி, கீழே வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு முகக்கண்ணாடி. நெகட்டிவை அதன்மேல் வைத்து, மெல்லிய வார்னிஷ் தடவி, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கறுத்த முகம் அதில் தெளிந்து கிடக்கும். அந்த இடத்தில் பென்சில் கரியை ஏற்ற ஏற்ற, பிரிண்டில் முகம் வெளுக்கும். கோடு தெரியக் கூடாது. கை பட்ட தடம் தெரியக் கூடாது. அதுதான் வித்தை.

எனக்கு அந்த வித்தை சீக்கிரம் வந்தது. என் கைக்குப் போனால் காக்கையும் கொக்காகும் என்று மத்தூர் வரைக்கும் சொல்வார்கள். அதைக் கேட்டு நான் கூசவில்லை. பெருமைப்பட்டேன். அந்தப் பேரை வைத்துத்தான் சாமல்பட்டியில் சொந்தக் கடை போட்டேன். என் கல்யாணப் படத்தில் என்னையும் என் மனைவியையும் நானே வெளுத்தேன். அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்ததும் பென்சில் போயிற்று. ஃபோட்டோஷாப்பில் செய்ய வேண்டியதையெல்லாம் ஒருமுறை செய்து பதிந்து, ஒரே விசையில் வைத்துக்கொண்டேன். அதை அழுத்தினால் முகம் தூக்கிக் கொடுக்கும், கன்னம் வழவழப்பாகும், கண்ணடிக் கருமை போய்விடும். யார் படம் எடுத்தாலும் முதலில் அந்த விசை. கிரானைட் ஆலைகளுக்கும் ஓசூர், பர்கூர் சிப்காட் கம்பெனிகளுக்கும் வேலைக்கு வருகிற ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் கேட் பாஸுக்குப் படம் எடுக்க வருவார்கள். அவர்கள் படத்துக்கும் அதே விசைதான். அவர்களில் யாரும் கேட்டதில்லை. ஒருவன் பிரிண்டை வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு காசைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் என்ன பார்த்தான் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவன் மொழி தெரியாது என்பது காரணமில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகிற ரயில் பாதையில் இருக்கிற சின்ன ஊர் இது. சுற்றிலும் கல். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மாம்பழம் ஒரு பேர் என்றால், கிரானைட் இன்னொரு பேர். கறுப்புக் கிரானைட்டில் விலையைத் தீர்மானிப்பது கறுப்புதான். பாலிஷ் போட்ட பிறகு பலகையை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள். ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரு சாம்பல் நரம்பு தெரிந்தால் விலை இறங்கிவிடும். கல் வியாபாரத்தில் எண்ணெயோ சாயமோ ஏற்றிக் கல்லை இன்னும் கறுப்பாக்கி விற்கிற மோசடிகூட உண்டு. வாங்குகிறவர்கள் துணியில் ரசாயனம் தொட்டுத் துடைத்துச் சோதிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், கல்லைக் கறுப்பு மின்ன மின்னத் தேய்க்கிற தொழிலாளிகளின் முகத்தை நான் இத்தனை வருஷம் வெளுத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையில் ஒரு ரோடுதான். அந்த ரோட்டைத் தினமும் கடந்தேன். ஒருநாளும் இதை யோசிக்கவில்லை.

யோசிக்கவில்லை என்பதுகூட 2017 வரைக்கும்தான் செல்லும். அந்த வருஷக் கடைசியில் சென்னையிலிருந்து சில படங்கள் வாட்ஸப்பில் வந்தன. 'டார்க் இஸ் டிவைன்' என்ற தலைப்பில் நரேஷ் நில் என்கிற ஃபோட்டோகிராஃபரும் விளம்பரப் படத்துறையைச் சேர்ந்த பரத்வாஜ் சுந்தரும் சேர்ந்து செய்தவை. லட்சுமி, துர்க்கை, சீதை, சிவன் என்று காலண்டரில் நாம் சிவப்பும் ரோஜாவுமாகப் பார்த்துப் பழகிய தெய்வங்களைக் கறுத்த மனிதர்களை வைத்து எடுத்திருந்தார்கள். அலங்காரம் குறையவில்லை. நகை குறையவில்லை. முகத்தில் மட்டும் நம் தெருவில் நடக்கிறவர்களின் நிறம்.

தொழில்காரன் கண்ணோடு பார்த்தேன். கறுத்த தோலுக்கு விளக்கு வைப்பது தனி வேலை. வெள்ளைத் தோலில் வெளிச்சம் பரவி நிற்கும். கறுத்த தோலில் அது மின்னும். அந்த மினுக்கம் எங்கே விழ வேண்டும் என்று தெரிந்து விளக்கைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். அவர்களுக்கு அது தெரிந்திருந்தது. லட்சுமியின் கன்னத்து மேட்டில் விழுந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு மனம் நெகிழ்ந்தது. பொய் சொல்லவில்லை. எங்கள் பகுதி ஃபோட்டோகிராஃபர்கள் குழுவில் அந்தப் படங்களைப் பகிர்ந்து, இதுதான் நாம் கற்க வேண்டிய பாடம் என்று எழுதினேன். பலர் கை கூப்பிய படம் போட்டார்கள். எனக்கு நல்ல பேர் கிடைத்தது.

அடுத்த மாதம்தான் அந்தப் பெண் வந்தாள்.

அவள் அப்பா எங்கள் ஊர் கிரானைட் ஆலை ஒன்றில் பாலிஷ் மிஷின் ஓட்டுகிறவர். என்னைவிட மூத்தவர். நான் அண்ணா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில், வண்டிகளுக்கு ஒயர் செட் கட்டுகிற லைனில் வேலை செய்தாள். ஹாஸ்டல் வாசம். பொங்கல் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது தரகர் தர்மபுரிப் பக்கம் ஒரு வரன் சொன்னார். படம் கேட்டார்கள். அரக்கு நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு அவள் தம்பியோடு வந்தாள்.

பவுடர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது சொன்னாள்:

"அண்ணா, என் கலரை மாத்திடாதீங்க. கம்பெனி ஐடி கார்டுல ஒருத்தர் மாத்தி எடுத்துட்டாரு. கேட்ல ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, இது நீதானான்னு கேக்கறாங்க. பார்க்க வர்றவங்க என்னை என் கலர்லயே பார்த்துட்டு வரட்டும்."

இதில் எந்த இடம் விளங்காமல் போகும்? ஒரு இடமும் இல்லை. காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். நான் சரிம்மா என்றேன். அந்த வாட்ஸப் படங்கள் நினைவில் இருந்தன. விளக்கைப் பக்கவாட்டில் வைத்தேன். எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மோகோல் நிறுத்தினேன். படம் நன்றாக வந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் வெளிச்சம் வழுக்கி நின்றது. தாடை ஓரத்து நிழலில் நீலம் கலந்திருந்தது. கண் நேராகப் பார்த்தது. நான் எடுத்த முகங்களில் மிக நல்லது எது என்று கேட்டால் இன்றும் அதைத்தான் சொல்வேன்.

ராத்திரி கடையைப் பாதி சாத்திவிட்டு அந்தப் படத்தைத் திறந்தேன். இந்த இடத்தில்தான் நான் உங்களிடம் நிதானமாகப் பேச வேண்டும். ஏனென்றால் இங்கே எதுவும் அவசரத்தில் நடக்கவில்லை. பழக்க தோஷத்தில் விசை அழுந்திவிட்டது என்று சொல்லலாம். கொஞ்ச காலம் அப்படித்தான் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மை இல்லை. படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் யோசித்தேன்.

முதலில் வந்தது பயம். படத்தின் பின்னால் என் கடை முத்திரை இருக்கும். தர்மபுரியில் நாலு பேர் கையில் அது போகும். டச்சிங் தெரியாதவன் எடுத்தது என்று சொல்வார்களே என்று பயந்தேன். கிருஷ்ணகிரியில் புதிதாகப் பெரிய ஸ்டூடியோக்கள் வந்திருந்தன. செல்போனிலேயே முகம் வெளுக்கிற வசதி வந்திருந்தது. என்னிடம் இருந்த ஒரே பேர் அந்தக் கைப் பேர்.

அடுத்து வந்தது கர்வம். வரன் பார்ப்பது எனக்குத் தெரியும், இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இப்போது வேண்டாம் என்பாள், படத்தைப் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. அவள் காலனிப் பெண். காலனியிலிருந்து வந்து இப்படி எடு, அப்படி எடுக்காதே என்று எனக்குச் சொல்கிறாளா என்று உள்ளே ஒன்று முறைத்தது. என் சாதிப் பெண் ஒருத்தி அதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். அவள் சொன்னதால் கேட்கவில்லை. நான் கடையில் யாரிடமும் சாதி பார்த்ததில்லை என்று பலரிடம் சொன்னவன். அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து சாதி பார்த்தேன்.

விசையை அழுத்தினேன். முகம் தூக்கியது. போதவில்லை. பிறகு கையாலேயே வேலை செய்தேன். நெற்றி, மூக்குத்தண்டு, கழுத்து, கை. முகம் வெளுத்துக் கை கறுத்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் விரல்களைக்கூட விடவில்லை. தாடை ஓரத்து நீலத்தை முழுக்க எடுத்தேன். கன்னத்து மச்சத்தை மட்டும் விட்டுவைத்தேன், ஆள் அடையாளத்துக்கு. செய்யச் செய்ய எனக்குப் பிடித்திருந்தது. வேலை முடிந்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்து மகிழ்ந்தேன். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் மகிழ்ந்தேன்.

மறுநாள் அவள் ஷிப்டுக்கு ஓசூர் போய்விட்டாள். அப்பாதான் வந்து கவரை வாங்கினார். படத்தைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் நின்றார். "நல்லா வந்திருக்கா" என்றார். அவர் குரலில் இருந்த தயக்கத்தை நான் கேட்டேன். கேட்காததுபோல் சில்லறை எண்ணினேன். படம் அவள் கண்ணில் படாமலே தர்மபுரிக்குப் போயிற்று.

பெண் பார்க்க வந்த அன்று நான் அங்கே இல்லை. தரகர் டீக்கடையில் சொல்லித் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா பையிலிருந்து படத்தை எடுத்து, அந்தப் பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாராம். பிறகு கூடத்தில் இருந்த எல்லாருக்கும் அதைக் காட்டினாராம். அப்போதுதான் அந்தப் படத்தை அவளும் முதன்முதலாகப் பார்த்தாள். கேசரியைத் தொடாமல் எழுந்து போனார்கள். வாசலில் நின்று, ஏமாற்றுக்காரக் குடும்பம் என்று காலனி கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் அவள் அப்பா கடைக்கு வந்தார். உள்ளே வேறு ஆட்களும் இருந்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் பிள்ளைகளுக்கெல்லாம் அடையாள அட்டைப் படம் எடுக்கும் ஆர்டர் பற்றி ஒருவர் பேச வந்திருந்தார். எனக்கு அது பெரிய வருமானம். அவள் அப்பா யாரையும் பார்க்கவில்லை. கவரிலிருந்து படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, இது யாரு?"

அவர் கத்தவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறவர்போலக் கேட்டார்.

நான் தப்புச் செய்துவிட்டேன் அண்ணா, உங்கள் பெண் வேண்டாம் என்று சொல்லியும் நான்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். பள்ளிக்கூட ஆள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்:

"உங்க பொண்ணுதாண்ணா. அதுதான் கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்கன்னு கேட்டுச்சு. நாங்க கஸ்டமர் கேக்கறதைத்தானே செய்ய முடியும்?"

யோசித்துக் கட்டிய பொய் இல்லை. வாயில் ஏற்கெனவே இருந்ததுபோல் வந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். என்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே அவரைவிட்டுப் போயிற்று. போய் எங்கே நின்றது என்று எனக்குத் தெரிந்தது. அவர் படத்தை எடுத்துக் கவரில் போட்டுக்கொண்டு, "மன்னிச்சுக்க தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம். பள்ளிக்கூட ஆர்டர் எனக்குக் கிடைத்தது.

தான் கேட்கவே இல்லை என்று அவள் அழுதிருக்கிறாள். அவர் நம்பவில்லை. முத்திரை வைத்துக் கடை நடத்துகிறவன் பொய் சொல்வானா என்று நினைத்திருக்கிறார். அதுவரை அவள்மேல் கை வைக்காதவர் அன்று அடித்திருக்கிறார். ஓசூருக்குப் போய்த்தான் இந்தப் புத்தி வந்தது என்று வேலையை நிறுத்திவிட்டார். அவள் சம்பளத்தில்தான் தம்பி பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். அவன் படிப்பு நடுவில் நின்றது. பிறகு அவன் கல் லாரியில் லோடு ஏற்றப் போனான். அந்த வீட்டில் நாலு பேர். நாலு பேருக்கும் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் போய்ச் சேர்ந்தது.

ஒருநாள் அவள் என் கடைக்கு வந்தாள். எதிர்ச் சாரியில் நின்று பார்த்தாள். ரோட்டைக் கடக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் நான் பின்னால் இருந்த பழைய டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கடைப் பையனிடம் நான் கிருஷ்ணகிரி போயிருப்பதாகச் சொல்லச் சொன்னேன். அவன் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனதும் கேட்டது. பிறகு அவளுக்குத் திருப்பத்தூர்ப் பக்கம் சொந்தத்தில் முடித்தார்கள். வேறு ஊரிலிருந்து ஆளைக் கூப்பிட்டுப் படம் எடுத்தார்கள்.

பல வருஷம் இப்படியே போயிற்று. நான் நன்றாகத் தூங்கினேன். குற்ற உணர்வில் உருகினேன் என்று எழுதினால் அதுவும் ஒரு டச்சிங்தான்.

கொரோனாவுக்குப் பிறகு, சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்த என் அண்ணன் மகன் சில மாதம் எங்கள் வீட்டில் இருந்தான். கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் என்ற அமெரிக்க ஓவியரின் படங்களை லேப்டாப்பில் காட்டினான். 1955-இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தவர். கறுப்பின மக்களையே வரைகிறார். பழுப்பாக, மாநிறமாகக் குறைத்து வரைவதில்லை. கறுப்பென்றால் கறுப்பு. ஐவரி பிளாக், கார்பன் பிளாக், மார்ஸ் பிளாக் என்று மூன்று கறுப்புச் சாயங்களை எடுத்து, அவற்றில் மற்ற நிறங்களைக் கலந்து, ஒன்றில் நீலம் தெரிய, ஒன்றில் செம்மண் தெரிய அந்த முகங்களைக் கட்டுகிறார். அமெரிக்க மியூசியங்களின் சுவர் முழுக்க வெள்ளை முகமாக இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர், அந்தச் சுவரில் தன் மக்களை ஏற்ற வேண்டும் என்றே வரைந்தார். பூங்காவில் பொழுதுபோக்குகிற கறுப்பினக் குடும்பங்களை வரைந்த அவருடைய 1997-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று 2018-இல் ஏலத்தில் 2 கோடியே 11 லட்சம் டாலருக்குப் போயிற்று. அதே 2018-தான்.

2012-இல் அவர் வரைந்த ஒரு பெரிய ஓவியத்தைப் பையன் பெரிதாக்கிக் காட்டினான். 'ஸ்கூல் ஆஃப் பியூட்டி, ஸ்கூல் ஆஃப் கல்ச்சர்' என்று பேர். பியூட்டி பார்லர். கறுத்த பெண்கள் சிங்காரித்துக்கொண்டு தங்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். முன்னால் தரையில் ஒரு தலை மிதக்கிறது. டிஸ்னி படத்தில் வருகிற பொன்முடி இளவரசியின் தலை, இழுத்துக் கோணலாக்கப்பட்டது. நேரே பார்த்தால் என்னவென்று தெரியாது. சாய்ந்து பார்த்தால் முகம். பெரியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. ஒரு சின்னக் குழந்தை மட்டும் குனிந்து அதை எட்டிப் பார்க்கிறது.

"யாரும் கூப்பிடாமலே வந்து கிடக்குது பாருங்க சித்தப்பா" என்றான் பையன். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்தத் தலையை ஒவ்வொரு ராத்திரியும் அடுத்தவர் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அதற்குப் பிறகு நான் முதலில் தேடியது துணைக் குற்றவாளிகளை. கிடைத்தார்கள். கலர் லேப்களுக்குக் கோடாக் கம்பெனி 1950-களிலிருந்து ஒரு அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி கார்டு என்பார்கள். அவள் தோல் சரியாக வந்தால் மிஷின் சரி என்று பொருள். கறுத்த முகங்கள் அதில் மங்கிப்போயின. பல இனப் பெண்களும் சேர்ந்த அட்டை வர 1990-கள் ஆயிற்று. இந்தியாவில் 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல்தான் பேரை மாற்றியது. இதையெல்லாம் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்காகவும் நான் வெட்கப்பட வேண்டும். என் விளக்குக்கு அந்தப் பெண்ணின் நிறம் கஷ்டமாக இல்லை. நான் அவளை அவள் நிறத்திலேயே நன்றாக எடுத்திருந்தேன். எடுத்துவிட்டு அழித்தேன். அவள் அப்பாவிடம் பொய் சொல்லும்படி எந்தக் கம்பெனியும் என்னிடம் சொல்லவில்லை.

வாஷிங்டனில் இருக்கிற வியட்நாம் போர் நினைவுச் சுவரைப் பற்றியும் பையன்தான் சொன்னான். இறந்த வீரர்களின் பெயர்களை வெட்டிய கறுப்புக் கிரானைட் சுவர். கல் பெங்களூரிலிருந்து போனது. நமக்கு எல்லை தாண்டினால் பெங்களூர். வடிவமைத்தவர் மாயா லின், சீனக் குடியேறிகளின் மகள், அப்போது 21 வயது மாணவி. 1981-இல் வந்த 1,421 வடிவங்களில் அவருடையது தேர்வாயிற்று. வடிவமைத்தது யார் என்று தெரிந்ததும் அவர் இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார்கள். கல்லின் கறுப்பையும் விடவில்லை. கறுப்பு அவமானத்தின் நிறம், வெள்ளைக் கல் வை என்றார்கள். 1982-இல் அதற்காக நடந்த கூட்டத்தில் பிரிகேடியர் ஜெனரல் ஜார்ஜ் பிரைஸ் என்ற கறுப்பின அதிகாரி எழுந்தார். கறுப்பு அவமானத்தின் நிறமில்லை, அப்படிச் சொல்லிக் கேட்டுச் சலித்துவிட்டது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கல்லின் நிறம் மாறவில்லை. அந்த வருஷம் நவம்பரில் சுவரைத் திறந்தார்கள்.

நாலு பேர் முன்னால் அவர் எழுந்து சொன்னதும், நாலு பேர் முன்னால் நான் சொன்னதும் எனக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. பொய்யைச் சபையில் சொல்லிவிட்டு உண்மையை மூலையில் சொல்லக் கூடாது என்று பட்டது.

ஆலை ஷிப்ட் விடுகிற நேரத்தில் எதிர்டீக்கடைக்குப் போனேன். அவள் அப்பா கூட்டாளிகளோடு பெஞ்சில் இருந்தார். அவருக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் நின்றுகொண்டே சொன்னேன். அண்ணா, உங்கள் பெண் கேட்கவில்லை. மாற்றாதே என்றுதான் சொன்னாள். நான் மாற்றினேன். உங்களிடம் பொய் சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். அவள் அப்பா கையை விலக்கிவிட்டார்.

வெகுநேரம் கழித்துக் கேட்டார்: "அவகிட்ட சொன்னியா?"

இல்லை என்றேன். செல்போனை எடுத்து அவரே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டினார். யார் என்று சொன்னேன். செய்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் கேக்கலைன்னு எனக்குத் தெரியாதாண்ணா? அப்பாவுக்குத்தான் தெரியணும். அங்க இருக்காரா?"

இருக்கிறார் என்றேன். அதற்குமேல் அவள் என்னிடம் பேசவில்லை. அவர் போனை வாங்கிக்கொண்டு எழுந்து ரோட்டோரம் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் என்னைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. எதிரே வந்தால் ரோட்டின் மறுபக்கம் போய்விடுகிறார்.

விசையை அழித்துவிட்டேன். நிறத்தை மாற்றித் தருவதில்லை என்று கடையில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அது எனக்கு நஷ்டம். அதை இங்கே ஈடாகக் காட்ட வரவில்லை. அவளுடைய அசல் படம் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. பிரிண்ட் போட்டு அவள் தம்பியிடம் கொடுத்தேன். அவன் கவரைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தான். நின்றுபோன படிப்புக்குப் பணம் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். லோடு லாரியில் அவன் முதுகு ஒருமுறை பிசகிவிட்டது, இப்போது பாரம் தூக்க முடிவதில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். அந்த ஓசூர் கம்பெனியில் அவளை மறுபடி சேர்ப்பார்களா என்று விசாரித்தேன். லைனுக்கு இளம்பெண்களைத்தான் எடுக்கிறார்களாம். அந்த வயதை அவள் தாண்டிவிட்டாள்.